ஜீவராசிகளின் ஜாதிக் கணக்கு



ஜாதி இல்லை என்று நாம் பேசத் தொடங்கியவுடன் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "புலியும் பசுவும் ஒன்றா? வேம்பும் மாவும் ஒன்றா? படைப்பிலேயே ஜாதி இருக்கும்போது மனிதரில் மாத்திரம் ஏன் கூடாது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்கட்டும். ஆனால் புலியையும் பசுவையும் வகை பிரித்தவர்கள் எந்த முறையில் பிரித்தார்கள் என்பதைக் கேட்பவரும் விசாரிப்பதில்லை. பதில் சொல்பவரும் விசாரிப்பதில்லை. ஆகவே இன்று அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கின்றோம்.

செடிகளையும் பிராணிகளையும் வரிசைப்படுத்திப் பெயரிட்டவர்களில் பெரியவர் சுவீடன் தேசத்து லின்னேயஸ். அவர் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செடிகளைப் பிரிக்க அவர் எடுத்துக் கொண்டது பூவின் ஆண், பெண் உறுப்புகளை மாத்திரமே. அதை வைத்து 24 வகுப்புகள் ஏற்படுத்தினார். பலன் என்னவென்றால், 1753இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஆமணக்கும் பைன் மரமும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டன! ஒரு லட்சணத்துக்கு மாத்திரம் சர்வாதிகாரம் கொடுத்தால் வேறென்ன ஆகும்? 1758இல் அவரே மனிதனையும் நான்காகப் பிரித்து, ஐரோப்பியன் சட்டப்படி நடப்பவன், ஆசியாக்காரன் அபிப்பிராயத்தால் ஆளப்படுபவன், ஆப்பிரிக்கன் மனம் போனபடி போகிறவன் என்று நிறத்தோடு குணத்தையும் சேர்த்து எழுதி வைத்தார். எதைக் கொண்டு அளந்தார்? ஒன்றுமில்லை. நான்கு வருணத்துக்கும் குணம் எழுதி வைத்த நம் சாஸ்திரக்காரருக்கும் அவருக்கும் இந்த இடத்தில் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் காலத்திலேயே இதை ஒப்பாதவர் பிரஞ்சுக்காரரான அடான்சன். ஆப்பிரிக்காவில் செனகால் நாட்டில் சுமார் ஐந்து வருஷம் இருந்து, அங்குள்ள செடிகள் ஐரோப்பியர் போட்ட கட்டத்துக்குள் அடங்காததை நேரில் பார்த்தவர். வேர், இலை, பூ, காய், விதை என்று ஒவ்வொன்றாக எடுத்து 65 விதமாகப் பிரித்துப் பார்த்து, எல்லாவற்றிலும் சேர்ந்தே வருபவைதாம் ஒரு குடும்பம் என்று 1763இல் எழுதினார். அவருக்குக் கிடைத்த மரியாதை சொற்பம். வயோதிகத்தில் வித்வான்கள் சபை அழைத்தபோது, போட்டுக் கொண்டு வரச் செருப்பில்லை என்று பதில் சொன்னதாகக் கூறுவார்கள்.

இந்த முறையை நீங்களே செய்து பார்க்கலாம். வௌவால், காக்கை, எலி மூன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். பறக்குமா, இறகுண்டா, அலகுண்டா, பல்லுண்டா, உடம்பில் மயிருண்டா, முட்டையிடுமா, பால் கொடுக்குமா, காது மடலுண்டா, முதுகெலும்புண்டா, ரத்தம் சூடானதா என்று பத்துக் கேள்விகள். பறப்பதை மாத்திரம் பார்த்தவன் வௌவாலைப் பறவை என்றான்; பைபிளில் லேவியராகமம் அப்படித்தான் சேர்த்திருக்கிறது. பத்தையும் எண்ணினால் வௌவாலும் காக்கையும் ஒத்திருப்பது மூன்றில். வௌவாலும் எலியும் ஒத்திருப்பது ஒன்பதில். எந்த ரிஷியையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் போதும்.

இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் அமெரிக்காவில் சோகால், மிச்சனர் என்ற இருவர். 1957இல் அவர்கள் 97 இனத் தேனீக்களில் 122 லட்சணங்களை எண்ணினார்கள். இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 4,656 ஜோடிகள்! அதே வருஷத்தில் இங்கிலாந்தில் ஸ்னீத் என்ற வைத்தியர் கிருமிகளில் இதையே செய்தார். கிருமிக்கு மயிரேது, எலும்பேது? எந்த லட்சணம் உயர்ந்தது என்று சொல்ல அங்கே வழியில்லை. எல்லாவற்றையும் சமமாக எண்ணித்தான் தீர வேண்டும். சோகாலும் ஸ்னீத்தும் சேர்ந்து 1963இல் எழுதிய புத்தகத்தில் அடான்சனைத் தங்கள் முன்னோடியாகச் சொல்லிக் கொண்டார்கள்.

இந்தச் சோகால் வியன்னா நகரத்தில் பிறந்த யூதர். பாட்டன் பாட்டிகளில் மூவர் யூதரானால் நீயும் யூதன், உனக்குக் குடியுரிமை கிடையாது என்று 1935இல் ஹிட்லர் சர்க்கார் விதி செய்தது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவையும் விழுங்கியபின் அவர் குடும்பம் ஷாங்காய்க்குத் தப்பி ஓடிற்று. படிப்பு, தொழில், பேச்சு, குணம் எதையும் எண்ணாமல், பிறப்பு என்ற ஒன்றை மாத்திரம் எண்ணுகிற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த முறையில் குற்றமில்லை என்று சொல்ல வரவில்லை. முதலையைப் பாருங்கள். உருவத்தில் உடும்புக்கு அண்ணன். வம்சாவழியிலோ உடும்பைவிடக் கோழிக்கே நெருங்கியது. ஆகவே, ஒப்புமையை மாத்திரம் எண்ணினால் போதாது, வம்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஹெனிக் என்ற ஜெர்மானியர் வாதித்தார். இப்போது பெரும்பாலோர் அவர் வழியையே கொள்ளுகிறார்கள். அதற்கும் கணக்குத்தான் துணை. பார்ப்பது மட்டும் காதும் வாலுமல்ல, மரபணு.

"பார்த்தீர்களா, கடைசியில் பிறப்புக்கே வந்துவிட்டீர்களே!" என்று வைதீகர் சந்தோஷப்படலாம். சந்தோஷம் அதிக நேரம் நிற்காது. 1972இல் லெவோன்டின் என்ற அமெரிக்கர், மனிதர் ரத்தத்தில் காணும் பரம்பரைக் குறிகளை எடுத்து, உலகத்து ஜனங்களிடையே கணக்கிட்டார். உள்ள வேற்றுமையில் 100க்குச் சுமார் 85 பங்கு ஒரே ஜனக்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது; 'இனம்' என்று பெயர் வைத்த பெரிய பிரிவுகளுக்கிடையே இருப்பது சுமார் 6 பங்குதான். குறிகள் பலவற்றை ஒருங்கே சேர்த்துப் பார்த்தால் ஒருவனுடைய முன்னோர் எந்தக் கண்டத்தார் என்று சொல்லிவிடலாமென்று 2003இல் எட்வர்ட்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் காட்டினார். அதையும் நாம் மறைக்கவில்லை. முன்னோரின் ஊர் தெரியலாம். ஆனால் யார் கோயிலுக்குள் போகலாம், யார் தெருவில் நடக்கலாம் என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டமும் கிடையாது.

நேரமாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்கள் எழுதிக் கொடுத்தால், தலைவர் அனுமதியுடன் பதில் சொல்லக் காத்திருக்கின்றோம்.