நம் குழந்தைகளின் நடை



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இன்று நாம் குழந்தைகளின் கால்களைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கிறோம். மொழியைக் காக்கப் புறப்பட்ட சங்கம், அம்மொழியைப் பேசவிருக்கும் குழந்தையின் நடையையும் காக்க வேண்டுமன்றோ?

குழந்தையின் கால் கோணலாகத் தோன்றினால் நம் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது ஒன்று; "தலையெழுத்து" என்பது மற்றொன்று. முன்னது சில வேளைகளில் உண்மை. பின்னதை நம்பிக் காலத்தை இழந்தோர் நம்மிடையே பலர்.

காத்திருக்கத் தக்கவற்றை முதலிற் காண்போம். நடை பழகும் குழந்தையின் கால்கள் வில்போல் வளைந்திருப்பது இயல்பு. 2 வயதளவில் அவை நிமிரும். 3, 4 வயதில் முழங்கால்கள் ஒன்றையொன்று முட்டும். 7 வயதுக்குள் பெரும்பாலும் தாமே சீராகும். ஆனால் ஒரு கால் மட்டும் வளைந்தாலும், வளைவு மேன்மேலும் மிகுந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் நோயாக அது இருக்கக்கூடும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் மழை மாதங்கள் நீண்டவை. வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் குழந்தைகளை லயத்துக்கு வெளியே விளையாட விடுங்கள்.

பாலக்காட்டுச் சமவெளியில் வாழ்வோர்க்குக் கவலை வேறு. கிழக்கே சித்தூர் வட்டாரத்து ஆழ்குழாய்க் கிணறுகள் சிலவற்றில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பிள்ளைகளின் பல்லில் படியும் கறை முதல் எச்சரிக்கை. ஆண்டுக்கணக்கில் பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. கிணற்று நீரைச் சோதிக்கச் செய்வதே வழி.

இனி, காத்திருக்கக் கூடாதவை. பிறக்கும்போதே பாதம் உள்நோக்கி மடங்கியிருப்பது வளைபாதம். உலகில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு இது நேர்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி என்னும் மருத்துவர் வகுத்த முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவர். ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகும்; பலருக்குக் குதிகால் தசைநாணில் சிறு கீறலும் வேண்டியிருக்கும். பிறகு சுமார் 4 வயது வரை உறங்கும்போது தனிக் காலணி அணிவிக்க வேண்டும். அதை இடையில் விட்டால் கோணல் திரும்பும். 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்னும் அரசுத் திட்டத்தில் இக்குறையும் அடங்கும்.

ஒரே நாளில் ஓட வேண்டிய நோயும் உண்டு. காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கி, குழந்தை காலை ஊன்ற மறுத்தால், மூட்டுக்குள் சீழ் கோத்திருக்கலாம். தைலம் தேய்க்காதீர்கள்; உருவி விடாதீர்கள். அன்றே மருத்துவமனை சேருங்கள். சில நாள் தாமதமும் மூட்டை அரித்துவிடும். தொண்டைப் புண்ணுக்குச் சில வாரங்களுக்குப் பின் மூட்டுகள் மாறி மாறி வலித்தால், அது இதயத்தையும் தாக்கவல்ல ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம்.

அறியாமை ஒன்றே தடை என்று நாம் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும் தாய் மாவுக்கட்டுக்காக வாரம் ஒருநாள் மலையிறங்கினால், அன்றைய கூலி போகிறது. மடங்கிய பாதத்தோடு வளர்ந்து, இன்று ஊன்றுகோலோடு நம் கூட்டங்களுக்கு வரும் நண்பர் ஒருவர் சொன்னார்: "என் தாய்க்கு அன்பு இருந்தது, பஸ்ஸுக்குக் காசு இல்லை." அச்சொல் நம்மை உறுத்துகிறது.

ஆதலின் நாம் கேட்பது ஒன்றே. காலனியில் எந்த வீட்டில் இத்தகைய குழந்தை பிறந்தாலும் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். பஸ் செலவைப் பகிர்வோம். துணைக்கு ஒருவரை அனுப்புவோம். வரும் ஆண்டு விழாக்களில் பரிசு பெற வரும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் காலால் நடந்து இம்மேடை ஏறட்டும்.