இன்ஜின் சூடு கண்ணுக்குத் தெரியட்டும்

மீனவச் சொந்தங்களே! கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரையிலிருந்து பைபர் படகில் போகிற உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

அவுட்போர்டு இன்ஜினைக் குளிர வைப்பது கடல்நீர். நீர் ஏறும் துளையில் ஒரு பிளாஸ்டிக் பை அடைச்சாலே சூடு ஏறிடும். தெர்மோஸ்டாட் சிக்கினா, வெளியே தண்ணீர் பீய்ச்சிக்கிட்டே இருக்கும், உள்ளே கொதிக்கும். அதைக் காட்டுவது வெப்பமானி.

சென்சாரை சிலிண்டர் ஹெட்டின் மேற்பரப்பில் மெக்கானிக்கை வைத்துப் பொருத்துங்க. நீங்களே துளை போடாதீங்க. மீட்டரை ஓட்டுபவர் கண்ணில் படுற இடத்தில், உப்புநீர் படாம வைங்க. முதல் நாள் ஓட்டத்தில் வழக்கமான அளவைக் குறிச்சுக்கோங்க.

முள் அதைத் தாண்டி ஏறுதா? வேகத்தைக் குறைச்சு, இன்ஜினை நிறுத்தி, தூக்கி, அடைப்பை எடுங்க. அப்பவும் சரியாகலையா? இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. இப்பவே போனில் பதிஞ்சுக்கோங்க. இன்ஜினை மாத்திக்கலாம், உயிரை மாத்த முடியாது.