அந்த 'டா' திரும்பி வருமா?

இந்த எபிசோடு ஒரே ஒரு எழுத்தைப் பத்தி. 'டா'.

டோல்கேட் டீக்கடையில பத்து நிமிஷம் நின்னா போதும், எத்தனை 'டா' காதுல விழுதுன்னு எண்ண முடியாது. "வாடா மச்சான்"னா அது பாசம். அதே கடை வாசல்ல கைகலப்பு ஆரம்பிக்கிறதும் "யாரைப் பார்த்து 'டா' போடுற?"ங்கற கேள்வியிலதான். ஒரே எழுத்து, எப்படி ரெண்டு வேலை செய்யுது?

1960ல ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஐரோப்பிய மொழிகள்ல இருக்கிற 'நீ', 'நீங்க' பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. சுருக்கமா சொன்னா, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் 'நீ'ன்னா நெருக்கம். ஒருத்தர் 'நீ'ன்னும் மத்தவர் 'நீங்க'ன்னும் சொன்னா அங்க அதிகாரம் இருக்கு. நம்ம ஏரியாவுல இதையே "மரியாதை குடுத்து மரியாதை வாங்கு"ன்னு சொல்லிடுவாங்க.

எங்கப்பா ஹார்பருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினவர். காலேஜ் லீவுல ஒருநாள் அவர்கூட வண்டியில போனேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல நீளமான க்யூ. என் வயசுப் பையன் ஒருத்தன், கையில கொஞ்சம் அதிகாரம். "ஓரம் கட்றா"ன்னான். அப்பா "சரிங்க சார்"னார். என் முகத்தை அவர் பார்க்கல.

அன்னைக்கு ராத்திரி தண்ணி பிடிச்சு வைக்க மறந்துட்டேன். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?"ன்னு கத்தினார். அது எனக்கான 'டா' இல்ல. ரோட்டுல திருப்பிக் குடுக்க முடியாததை வீட்டுல இறக்கி வெச்சார்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? ஆபீஸ்ல மேனேஜர்கூட எனக்கு 'ப்ரோ'தான். ஆனா போன மாசம் சாப்பாடு லேட் ஆச்சுன்னு டெலிவரி பண்றவர்கிட்ட "எங்கடா இருக்க?"ன்னுட்டேன். "கீழதான் இருக்கேன் சார்"னார். அப்படியே அப்பாவோட குரல்.

1923 மே 1ல சிங்காரவேலர் இந்தியாவோட முதல் மே தினத்தைக் கொண்டாடினது நம்ம சென்னையிலதான். இன்னைக்கும் இங்க தொழிற்சங்கக் கூட்டத்துல தலைவரும் 'தோழர்', லோடு இறக்குறவரும் 'தோழர்'. அங்க போயிட்டு வந்தா அப்பா நிமிர்ந்து நடப்பார்.

அதனால இப்போ 'டா' போடறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் யோசிக்கிறேன். இதை அவர் அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்ல முடியுமா? முடியும்னா அது நட்பு. முடியாதுன்னா, நான் அந்த க்யூவுல நின்ன பையன்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.