பனிக்குட நீரும் சிசுவின் சுகமும்

(நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் இல்லங்களில் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஸ்கேன் எடுப்பதும், "நீர் குறைந்துவிட்டதாம்" என்னும் ஒரு சொல்லால் குடும்பம் முழுவதும் கலங்குவதும் இந்நாளில் வழக்கமாகிவிட்டன. அக்கலக்கத்தின் நடுவே பஞ்சாங்கத்தைப் புரட்டி, நல்ல வேளை பார்த்து, சஸ்திர சிகிச்சைக்கு நாள் வைப்போரும் நம்மிடையே உளர். அதனை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீரைப் பற்றியே பேசுவோம்.

பிந்திய மாதங்களில் பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரேயாம். நுரையீரலினின்று சுரப்பதும் அதனுடன் சேரும். அந்நீரையே சிசு மீண்டும் விழுங்குகின்றது. கேட்பதற்கு ஒருவாறிருப்பினும் இயற்கையின் ஏற்பாடு அதுவே. நஞ்சுக்கொடி வழியே வரும் போஷணை குன்றினால், சிசுவின் உடல் இரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் மிகுதியாகச் செலுத்திச் சிறுநீரகத்துக்குச் சுருக்கிவிடும், நீரும் குறையும். வைத்தியர் நீரை அளந்து பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

எனினும், யாதொரு நோயுமில்லாத தாய்க்கும் நாற்பது வாரத்தை நெருங்க நெருங்க நீர் தானே குறைந்து வருதல் இயல்பு. அன்றியும், அளக்கும் முறை இரண்டுண்டு. வயிற்றை நான்கு பாகமாக்கி, ஒவ்வொன்றிலும் ஆழமான தேக்கத்தை அளந்து கூட்டுதல் ஒன்று. அத்தொகை 5 சென்டிமீட்டருக்கு மேற்படாவிடில் குறைவு என்பர். மிக ஆழமான ஒரே தேக்கத்தை அளத்தல் மற்றொன்று. அது 2 சென்டிமீட்டருக்குக் கீழாயின் குறைவு.

இவ்விரண்டையும் ஜெர்மனி தேசத்தில் 1,052 நிறைமாதக் கர்ப்பிணிகளிடம் ஒப்பிட்டுச் சோதித்து, முடிவை 2016-இல் வெளியிட்டனர். முதல் முறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேரும், இரண்டாவதில் 2 பேருமே நீர் குறைந்தவரெனப்பட்டனர். அதன் பலனாக மருந்திட்டு வலி வருவிக்கப்பட்டவர் தொகையும் முதல் முறையிலேயே மிகுந்தது. சிசுக்களோ? தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்பட்டவை இருதிறத்தும் ஏறக்குறைய ஒரே அளவினவே. தாய்மார் பலரை மருந்துக்கு உட்படுத்தியும் குழந்தைகளுக்கு நன்மை கூடவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகையால் நீர் குறைவென்று கேட்டவுடன், எம்முறையில் அளந்தது, சிசுவின் வளர்ச்சி எப்படி, இருதயத் துடிப்பு எப்படி, தாயின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று நாம் வைத்தியரை மரியாதையுடன் வினவலாம். இவையாவும் செவ்வையாயிருப்பின், மறுமுறை அளந்து பார்க்கப் பெரும்பாலும் அவகாசமுண்டு. தாய் தாராளமாக நீர் பருகினால் இவ்வளவு ஓரளவு உயர்வதும் சோதனைகளிற் கண்டதே. கால் வீக்கத்துக்கஞ்சி, "தண்ணீரைக் குறைத்துக் குடி, அம்மா" என்று மருமகளுக்குச் சொல்லும் பெரியோர் இதனைக் கவனிப்பாராக.

இரத்த அழுத்தம் ஏறிய தாய்க்கும், வளர்ச்சி குன்றிய சிசுவுக்கும் இந்த ஆறுதல் பொருந்தாது. அவர்களிடத்து நீர் குறைதல் மெய்யான எச்சரிக்கை. சிசுவின் அசைவு குறைந்தாலும், நீர் கசிந்தாலும், விடியட்டுமென்று காத்திராமல் இரவே புறப்பட வேண்டும். கசியும் நீர் பச்சை நிறமாயிருப்பின், சிசு உள்ளேயே மலங் கழித்ததற்கு அடையாளம். ஆஸ்பத்திரியில் கால் வைத்ததும் அதை முதலிற் சொல்லிவிடுக.