தேடிப் போனவர்களின் பெயர்கள்

(இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில் வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இந்த மாதம் நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிக்கும்வரை காத்து நிற்கிறோம். போய் நிற்பதற்கு ஒரு கல்லறைகூட இல்லாத குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு மகனைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினார்கள். சீனாவுக்குப் பொருள் கொண்டுபோகும் பர்மா சாலை அடைபட்டது. நேச நாடுகள் அசாமிலிருந்து இமயமலைத் தொடரின் மேலாகச் சீனாவின் குன்மிங் நகருக்கு விமானங்களை ஓட்டின. அந்த வழிக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்', அதாவது திமில். போர் முடியும்வரை ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு அவ்வழியே போனது. அதற்குக் கொடுத்த விலை சுமார் 600 விமானங்கள். பல இன்னும் காட்டுக்குள்ளும் பனிக்குள்ளும் கிடக்கின்றன.

1945 ஜனவரி முதல் வாரத்தில், 13 பேரோடு குன்மிங்கிலிருந்து புறப்பட்ட சி-46 ரக விமானம் ஒன்று, அருணாசலப் பிரதேச மலைகளின் மேல் புயலில் மறைந்தது. அமெரிக்காவில் 13 மாதக் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய்க்குத் தந்தி வந்தது: கணவரைக் காணவில்லை. 'இறந்துவிட்டார்' என்றால் அழுது தீர்க்கலாம். 'காணவில்லை' என்ற சொல் அழவும் விடாது, ஆறவும் விடாது. கடலுக்குப் போன மகன் திரும்பி வராத நம் வீடுகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குழந்தை முதியவரான பின்பு ஒருவரின் உதவியை நாடினார். அவர் கிளேட்டன் கூல்ஸ் என்னும் அமெரிக்க மலையேறி. பேராசிரியர் அல்ல, இராணுவ அதிகாரியும் அல்ல. தம் சொந்த ஆர்வத்தால் இருபதுக்கும் மேற்பட்ட விபத்து இடங்களைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தவர்.

இந்தப் பணி எப்படி நடக்கிறது? மலைக்கிராமத்து வேட்டைக்காரரிடம் கேட்க வேண்டும். "அந்தச் சரிவில் ஒரு தகரம் கிடக்கிறது" என்று அவர் சொல்வதை நம்பி, நாள்கணக்கில் நடக்க வேண்டும். விமானத்தின் வால் பகுதியில் உள்ள எண்ணைப் போர்க்கால ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். எண் கிடைத்தால் பெயர்கள் கிடைக்கும். பெயர்கள் கிடைத்தால் குடும்பங்கள் கிடைக்கும். பொறுப்புள்ளவர்கள் அங்கிருந்து ஒரு துண்டைக்கூட நினைவுப் பொருளாக எடுப்பதில்லை, அது கல்லறை.

2021 டிசம்பரில், பனி மூடிய ஒரு மலையுச்சியில் அந்த விமானம் கிடைத்தது. வால் எண் பொருந்தியது. உடல்களின் எச்சம் எதுவும் இல்லை. ஆனாலும், தந்தை இருக்கும் இடம் தெரிந்ததே பெரும் மகிழ்ச்சி என்றார் அந்த மகன்.

இத்தோடு முடித்திருந்தால் இது இனிமையான கதை. ஆனால் முடிக்க முடியவில்லை. இதே தேடலில், 2018 செப்டம்பரில் பனிப்புயலில் சிக்கி, உள்ளூர் வழிகாட்டிகள் மூவர் குளிரில் விறைத்து இறந்தார்கள்.

இறந்தோரைத் தேட, உயிரோடு இருப்பவர் மூவர் சாகலாமா? இந்தக் கேள்வியை நான் பலநாள் சுமந்தேன். எளிதான பதில் என்னிடம் இல்லை. தோபித்து, பந்தியில் உணவைச் சுவைக்குமுன் எழுந்து போய், தெருவில் கிடந்த ஒருவரின் உடலை எடுத்துவந்து அடக்கம் செய்தார். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை வைத்திருக்கிறது. ஆகவே அந்த மகனின் ஏக்கம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. விமானத்தில் இருந்த 13 பேரின் பெயர்களுக்கு ஆவணம் உண்டு. நான் படித்த செய்தியில் அந்த மூவரின் பெயர்கள் இல்லை. அவர்களையும் பெற்ற தாய்மார் உண்டு. இன்னொருவருடைய தகப்பனைத் தேடிப் போன இடத்தில் அவர்கள் உயிரை விட்டார்கள். தேடப்பட்டவரை நினைக்கிற நாம், தேடிப் போனவரை மறந்தால், நம் இரக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

அன்பர்களே, இந்த வாரம் இறந்தோர் பெயர்ப் பட்டியலைத் திருப்பலிக்கு எழுதிக் கொடுப்பீர்கள். அதற்குமுன் வீட்டில் வயதில் மூத்தவரின் பக்கத்தில் உட்காருங்கள். "நாம் மறந்துபோனவர் யார், பாட்டி?" என்று கேளுங்கள். பிறந்த அன்றே இறந்த குழந்தை இருக்கலாம். காணாமற்போனவரைத் தேடிப் படகேறிய அடுத்த வீட்டுக்காரர் இருக்கலாம். பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மலையில் நடந்த அந்தப் பெரிய தேடலும், ஒருவர் கேட்டு இன்னொருவர் சொன்னதில்தான் தொடங்கியது.

நமக்குப் பெயர் தெரியாத அந்த மூவரையும் ஆண்டவருக்குத் தெரியும். அவர்களுக்கு அவர் நித்திய இளைப்பாற்றி அருள்வாராக. ஆமென்.