மைக்குக்கு மனசு கிடையாது!

(தலைப்பு: ‘மேடைக் கச்சேரியைப் பதிவு செய்து, பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்வது கலைக்குச் செய்யும் சேவையா? சதியா?’ - ‘சேவையே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய, ஒரகடம் தொழிலாளி ஒருவரின் பேச்சு)



நான் ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். சம்பளம் அங்கே. சந்தோஷம் வேற இடத்தில்! (சிரிப்பு) எங்க பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றுக்குக் கச்சேரியைப் பதிவு பண்ணி, கம்ப்யூட்டரில் சரிபண்ணித் தர்றது அடியேன்தான்.

ஸ்ரீபெரும்புதூர்னா ராமானுஜர் அவதரித்த ஊர்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு அங்கிருந்து ஒரகடம் வரைக்கும் காரு, லாரி, செல்போன், கண்ணாடின்னு கம்பெனிக்குப் பக்கத்தில் கம்பெனி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் காரு ஓட ஆரம்பிச்சுது. 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. கம்பெனி வந்தா ஆயுத பூஜை வரும். ஆயுத பூஜை வந்தா, மிஷினுக்குப் பொட்டு வெச்சு, பூசணிக்காய் உடைச்சு, சாயந்திரம் பாட்டுக் கச்சேரி வரும். எங்களுக்கு அதுதான் தீபாவளி!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “மேடையில் பாடினதுதான் நிஜம். கம்ப்யூட்டரில் கை வெச்சா அது பொய்”னார். கைதட்டும் வாங்கினார். நான் ஒண்ணு கேட்கிறேன். மேடையில் பாடினது நிஜம், சரி. மைக்கில் பதிவானது நிஜம்னு யாருங்க சொன்னது?

கல்யாண வீட்டில் நூறு பேர் பேசிக்கிட்டிருக்காங்க. எங்கேயோ மூலையில் ஒருத்தர் நம்ம பேரைச் சொன்னா, காது டக்குன்னு அங்கே போகுதா இல்லையா? அதுவும் நம்மைப் பத்திக் குறை சொன்னா ரொம்பத் தெளிவாவே கேட்கும்! (பலத்த சிரிப்பு) அந்த இடத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை வெச்சுப் பாருங்க. சாம்பார் வாளிச் சத்தம், குழந்தை அழுகை, நாற்காலி இழுக்கிற சத்தம், எல்லாம் ஒரே கணக்கா பதிவாகும். ஏன்னா காதுக்குப் பின்னாடி மனசு இருக்கு. அது வேண்டியதை எடுத்துக்கும், வேண்டாததைத் தள்ளிடும். மைக்குக்கு மனசு கிடையாது ஐயா! கச்சேரி நடந்தப்ப உங்க மனசு செய்த வேலையைத்தான், பிற்பாடு நான் கம்ப்யூட்டரில் செய்யறேன். (கைதட்டல்)

எப்படின்னு சுருக்கமாச் சொல்றேன். பாடகி, தபேலா, கீபோர்டு, டிரம்ஸ், எல்லாத்தையும் தனித்தனித் தடமா பதிவு பண்றோம். பாடகியோட மைக்கில் டிரம்ஸும் புகுந்திருக்கும். அவங்க பாடாத நேரத்தில் அந்தத் தடத்தைக் குறைக்கிறேன். நம்ம ஊர் கரண்டு செகண்டுக்கு 50 சுற்று. வயரில் கோளாறுன்னா பாட்டு முழுக்க ‘ஊம்’னு ஒரு சத்தம் கூடவே வரும். அதை வடிகட்டறேன். கைதட்டல் பிடிக்கக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மைக் வெச்சிருப்போம். ‘ரோஜாப்பூ’ன்னு பாடகி இழுக்கும்போது, வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்காரர் ஹாரன் அடிச்சிருப்பார். அந்த இடத்தில் அந்த மைக்கை மட்டும் அடக்கறேன். இதில் சதி எங்கே இருக்கு? லாரிக்காரர் எங்க குழுவில் மெம்பரா? (சிரிப்பு)

இன்னொண்ணு கேளுங்க. அந்தக் கூட்டத்து மைக், மேடைக்கு 34 மீட்டர் தள்ளி இருக்குன்னு வெச்சுக்குங்க. சத்தம் செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆக, மேடையில் தட்டின தாளம் அந்த மைக்குக்குப் பத்தில் ஒரு பங்கு செகண்டு லேட்டா வந்து சேரும். அப்படியே கலந்தா, ஒரு தபேலாக்காரர் ரெண்டு பேரா கேட்பார். ரெண்டாவது ஆளுக்குச் சம்பளம் யார் தர்றது? (சிரிப்பு) அந்தத் தடத்தை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்தி வைக்கிறேன். நடந்தது நடந்தபடி கேட்கும்.

இதுக்கெல்லாம் ஒரு காலத்தில் கோடம்பாக்கம் ஸ்டூடியோ வாசல்லதான் போய் நிக்கணும். மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால்னு நாலு படத்துக்கு ஒலிக்காக தேசிய விருது வாங்கின எச்.ஸ்ரீதர் மாதிரி மேதைகள் செய்த வேலை. பாட்டுப் பாடினவங்களை நமக்குத் தெரியும். அந்தப் பாட்டை நம்ம காது வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வேலையில் ஒரு துளியை இன்னைக்கு ஒரு தொழிலாளி வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆடாசிட்டின்னு ஒரு மென்பொருள், 2000-ல் வந்தது. காசே கிடையாது, இலவசம்.

எதிரணி அம்மா, “வெளிநாட்டில் இப்படியா?”ன்னு கேட்டாங்க. இங்கிலாந்து பீட்டில்ஸ் குழு 1964-லும் 1965-லும் அமெரிக்காவில் ஹாலிவுட் பவுல்ங்கிற திறந்தவெளி அரங்கத்தில் பாடினதைப் பதிவு பண்ணினாங்க. ரசிகைங்க போட்ட கூச்சலில் பாட்டு முங்கிப் போச்சு. தேறாதுன்னு எடுத்து வெச்சுட்டாங்க. ஜார்ஜ் மார்ட்டின் அதைச் சரிபண்ணி 1977-ல் இசைத்தட்டா கொண்டுவந்தார். 2016-ல் அவர் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், கம்ப்யூட்டர் துணையோட கூச்சலையும் பாட்டையும் பிரிச்சு, இன்னும் தெளிவாக்கிக் கொடுத்தார். அது சதியா?

ஆனா நடுவர் ஐயா, எங்களுக்கும் ஒரு எல்லை உண்டு. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக ஒரு கச்சேரி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் வாத்தியத்துக்குச் சுருதி கூட்டினாங்க. ஜனங்க அதையே பாட்டுன்னு நினைச்சுக் கைதட்டிட்டாங்க! (சிரிப்பு) இசைத்தட்டு போடும்போது அதை வெட்டி எறிஞ்சிருக்கலாம். எறியலை. இன்னைக்கும் அதில் இருக்கு. ஏன்? அது மைக் செய்த கோளாறு இல்லை, மனுஷங்க நடந்துகிட்டது.

கம்பெனியில் எங்களுக்குச் சொல்லித் தருவாங்க: ‘பொருளில் குறை இருந்தா சரிபண்ணு, ரிப்போர்ட்டை மாத்தாதே.’ அதுதான் என் வேதம். மைக்கும் வயரும் கெடுத்ததை நான் சரிபண்ணுவேன். மனுஷன் பாடினதை மாத்த மாட்டேன்.

எங்க குழுவில் ஒரு தங்கச்சி பாடுது. செல்போன் கம்பெனியில் லைனில் நிக்கிற பொண்ணு. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குற அளவுக்குக் குடியிருப்பு திறந்தாங்களே, அப்படின்னா எங்க பக்கம் எத்தனை வீட்டுப் பொண்ணுங்க வந்து உழைக்கிறாங்கன்னு பார்த்துக்குங்க. அதில் ஒருத்தி. போன ஆயுத பூஜைக்கு, ராத்திரி ஷிப்ட் முடிச்ச தொண்டையோட பாடிச்சு. சரணத்தில் மேலே போற இடத்தில் சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சு. குழுத் தலைவர், “தம்பி, இதைப் பார்த்துத்தான் நமக்குக் கல்யாண ஆர்டர் வருது. சுருதியைத் தூக்கிவிட்டுடு”ன்னார். அதுக்கும் மென்பொருள் இருக்கு. நான் சொன்னேன்: “அண்ணே, பொண்ணு போட்டோவை ரொம்பத் திருத்தி அனுப்பினா, பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு மாட்டிக்குவோம்!” (பலத்த சிரிப்பு) அப்புறம் அந்தத் தங்கச்சிகிட்டயே கேட்டோம். “எங்கம்மாவுக்கு என் குரல் தெரியும்ணே, அப்படியே இருக்கட்டும்”னுச்சு.

அந்த அம்மா ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. சின்ன செல்போனில்தான் கேட்பாங்க. அதில் டிரம்ஸோட அடிச்சத்தம் எடுபடாது. அதனால அந்தப் போனிலேயே போட்டுப் போட்டுப் பார்த்து, குரல் முன்னால் நிக்கிற மாதிரி கலந்து அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரியே ஊரிலிருந்து போன். பாட்டு நல்லாயிருக்குன்னு சொல்லலை ஐயா! “ஏம்மா, தொண்டை கட்டியிருக்கா? கஷாயம் வெச்சுக் குடிச்சியா?”ன்னு கேட்டாங்க. (நீண்ட கைதட்டல்)

நான் இரைச்சலை எடுக்காம விட்டிருந்தா, அந்தத் தாய்க்கு மகள் குரலே கேட்டிருக்காது. சுருதியைத் தூக்கிவிட்டிருந்தா, மகளுக்கு உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சிருக்காது. பெத்தவ காதுக்குப் பிள்ளை குரலைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது சதின்னா, அந்தச் சதியை நான் தினமும் செய்வேன். சேவையேன்னு நல்ல தீர்ப்பு சொல்லுங்க நடுவர் ஐயா!