வட்டி உயர்வு யாருக்காக?

2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டியை, ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 விழுக்காடாக உயர்த்தியது. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தவே என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் அன்றைய விலையேற்றம் பெரிதும் உணவு, எரிபொருள் விலைகளால் வந்தது. வட்டியை உயர்த்துவதால் கோதுமை விளைச்சல் பெருகாது. கச்சா எண்ணெய் மலிவாகாது.

பிறகு ஏன் இந்த உயர்வு? 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தவே, அந்நிய நிதி மூலதனம் டாலரை நாடி ஓடியது. ரூபாய் சரிந்தது, அக்டோபரில் ஒரு டாலர் 82 ரூபாயைத் தாண்டியது. கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், ரூபாயின் சரிவு மீண்டும் விலையேற்றமாகிறது. மூலதனத்தைத் தக்கவைக்க வட்டி உயர்கிறது. சுமையோ கடன் தவணையாகவும் வேலையிழப்பாகவும் உழைப்பாளர் தலையில் விழுகிறது.

பொது விநியோக விரிவாக்கம், எரிபொருள் வரிக் குறைப்பு, மூலதன ஓட்டத்தின் மீது கட்டுப்பாடு: இவையே மாற்று. இக்கோரிக்கைகள் ஒவ்வொரு கிளையிலிருந்தும் மக்களிடம் செல்ல வேண்டும்.